ஹாக் ஐயர்

கடவுள் உண்டென்பதற்குச் சான்று யாது? உண்டாயின் குற்றமற்றோர் துன்புறுவது ஏன்? பிற சமயத்தார் தம் வழிபாட்டிற் கண்டேமென்று கூறும் தெய்வானுபவம் மெய்யோ, மயக்கமோ? இம்மூன்று வினாக்களும் தத்துவ வகுப்பிற்கு மட்டும் உரியனவல்ல. எப்பாடத்தைப் பயிலும் மாணவராயினும், அவர் உள்ளத்தில் இவை ஒருநாள் எழுந்தே தீரும். எழுந்தபொழுது சிலர் அஞ்சி அவற்றை அடக்கிவிடுவர். சிலர் அவற்றைக்கொண்டே சமயத்தை எள்ளி நகைப்பர். இவ்விரண்டும் அல்லாத வழியொன்று உண்டென்பதைத் தம் வாழ்க்கையாற் காட்டிய ஆசிரியர் ஒருவர் நம் கல்லூரியில் இருந்தனர். அவரே ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் ஐயர். அன்னாரின் வரலாற்றை ஈண்டு நாம் சுருங்கக் கூறுவாம்.

ஹாக் 1875-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டிற் பிறந்தார். அவர் தந்தையார் ஜான் ஹாக் என்னும் ஸ்காத்லாந்தியர். நைல் நதிக்கரையிலுள்ள அஸ்யூத் நகரில் அமெரிக்க மிஷனைச் சார்ந்து நின்று, பள்ளிகளும் கல்லூரியும் நிறுவி உழைத்தவர். 1886-ஆம் ஆண்டில் அப்பெரியார் உயிர் நீத்தபோது மைந்தர் இளஞ்சிறுவரே. ஊழியக் குடும்பத்தில் தோன்றிய பிள்ளை ஊழியத்திற்கே செல்லுமென்று சுற்றத்தார் எதிர்பார்த்தல் இயல்பு. ஹாக்கும் எடின்பரோ சர்வகலாசாலையில் தத்துவம் பயின்று பட்டம் பெற்றபின், குருத்துவப் பணியை நாடி இறையியற் கல்வியைத் தொடங்கினார்.

அங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் விஞ்ஞானமும் வேதாகம ஆராய்ச்சியும் பழைய நம்பிக்கைகளைப் பெரிதும் அசைத்துக்கொண்டிருந்தன. ஹாக் தம் உள்ளத்தைத் தாமே ஆராய்ந்து பார்த்தபோது, பிறர்க்கு உபதேசிக்க வேண்டியவற்றைத் தம்மால் முழு மனத்தோடு நம்ப இயலாமையைக் கண்டார். நெஞ்சில் ஒன்றும் நாவில் ஒன்றுமாகப் பிரசங்க பீடத்தில் நிற்றல் அவர்க்கு ஒவ்வாததாயிற்று. ஆகவே எடுத்த கல்வியை இடையே விட்டு விலகினார். ஊழியக் குடும்பத்தைச் சார்ந்த ஓர் இளைஞர்க்கு அஃது எத்துணைக் கடினமான செயலென்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொய்யாகப் பற்றுதலினும் மெய்யாக இழத்தல் நன்றென்று துணிந்த உள்ளம் அது.

இழந்ததை அவர் மீண்டும் பெற்ற வகையும் அறியத்தக்கது. கடவுள் உண்டென்று நிறுவும் புதிய தருக்கம் எதுவும் அவர்க்குக் கிட்டவில்லை. ஜெர்மானிய அறிஞர் ரிட்சல் என்பார் வகுத்த நெறியில் நின்று சிந்தித்த ஹாக், விசுவாசம் வேறு, விசுவாசத்தைச் சொல்லால் விளக்கும் கொள்கைகள் வேறு என்னும் உண்மையைக் கண்டார். விசுவாசமாவது ஓர் உயிர் கடவுளை நம்பித் தன்னை ஒப்புவித்தல். கொள்கைகளோ அவ்வொப்புவித்தலுக்குப் பிற்பாடு காலத்திற்கும் நாட்டிற்கும் ஏற்பத் தோன்றும் விளக்கங்கள். தாயை நம்பும் குழவி தாய்மையின் இலக்கணத்தைக் கற்றபின் நம்புவதில்லை. இலக்கணம் பிழைபட்டதென்று ஒருவர் காட்டினும் அக்குழவி மடியை விட்டு இறங்குவதில்லை. நாசரேத்தூர் இயேசு தம் பிதாவின்மீது வைத்த முழு நம்பிக்கையைக் கண்டு, அந்நம்பிக்கையில் தாமும் பங்குகொள்ளுதலே தமக்குரிய வழியென்று ஹாக் தெளிந்தார். கொள்கைகள் பற்றிய ஐயங்கள் பின்னும் எழலாம். அவற்றை அஞ்சாது ஆராயலாம். விசுவாசத்தின் வேர் அவற்றினும் ஆழத்தில் உள்ளது.

இத்தெளிவோடு அவர் 1903-ஆம் ஆண்டில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தத்துவ ஆசிரியராக வந்து சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத ஆசிரிய மிஷனெரியாகவே வந்தார். அப்பட்டம் பல யாண்டுகள் கழித்தே ஏற்கப்பட்டது. அந்நாளில் கல்லூரி சென்னை நகரினுள் உயர்நீதி மன்றத்திற்கு எதிரே இருந்தது. வில்லியம் மில்லர் முதல்வராயிருந்தார். வகுப்பில் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் இந்து இளைஞர். அவர்கள் சங்கரரையும் இராமாநுசரையும் குடிப்பிறப்போடு பெற்றவர்கள். ஸ்பென்சரையும் மில்லையும் நூல் வழியே கற்றவர்கள். இத்தகையோர் முன்னிலையில் நுனிப்புல் மேய்ந்த வாதம் நில்லாது. எனவே ஹாக் இந்து தருமத்தைக் கருத்தூன்றிக் கற்கத் தொடங்கினார்.

அக்கல்வியின் முதற்பயன் கருமமும் மீட்பும் பற்றிய அவரது ஆராய்ச்சி. கல்லூரியின் மாகஸீனில் முதலில் வெளிவந்த அக்கட்டுரைகள் 1909-ஆம் ஆண்டிற் சென்னையில் நூலாயின. மிஷனெரிமார் பலர் கருமக் கொள்கையை மூடநம்பிக்கையென்று தள்ளிய அக்காலத்தில், ஹாக் அதனை அறிவுடையோர் வகுத்த அரியதொரு விடையென்று மதித்தார். துன்பம் காரணமின்றி வருவதில்லை. உலகம் நீதியின்றி நடப்பதில்லை என்னும் உறுதி அதில் உளது. ஆயினும் அவர் ஒரு வினாவை எழுப்பினார். உலகம் முழுவதும் ஒரு நியாயத்தலமோ? ஒவ்வொருவர்க்கும் அவரவர் வினைக்குத் தக்க கூலியை அளந்து கொடுத்தலே உலகின் முடிந்த நோக்கமோ? அவ்வாறாயின், ஒருவர் துன்பத்தை மற்றொருவர் தாங்குதற்கு இடமில்லை. அன்பினால் வரும் துன்பத்திற்குப் பொருளில்லை. உலகம் நியாயத்தலமாக மட்டும் இயங்காமல், மக்கள் ஒருவரோடொருவர் பிணைந்து வாழும் ஒழுக்க உலகமாக அமைந்திருத்தலாலேயே ஒருவன் செய்த தீமை பிறரையும் தாக்குகின்றது. தன் தீமையால் குற்றமற்றோர் வருந்துதலைக் காண்பவனே தீமையின் மெய்யுருவைக் காண்கின்றான். அங்கே அவன் நெஞ்சம் உடைந்து திருந்துதற்கு வழி பிறக்கின்றது. சிலுவையின் பொருளை ஹாக் இவ்வகையிற் கண்டார்.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இக்கருத்தை விளக்கச் சிலப்பதிகாரம் துணைசெய்கின்றது. கோவலன் கொலையுண்ட காரணத்தை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கின்றது. முற்பிறப்பிற் பரதன் என்னும் பெயரோடிருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனென்று காட்டிக் கொல்வித்தான். அவ்வினையே இப்பிறப்பில் வந்து ஊட்டியது என்பது அவ்விளக்கம். கணக்குச் சரியாகின்றது, கண்ணகியின் கண்ணீர் நிற்கவில்லை. இதனை அரசன் செயலோடு ஒப்பிட்டு நோக்குக. பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனுடைய பழவினையைக் காட்டித் தன்னை விடுவித்துக்கொள்ளவில்லை. தன் பிழையால் ஒரு பெண் அழுதலைக் கண்டான். கண்ட அளவில் அரியணையில் வீழ்ந்து உயிர் துறந்தான். தெய்வம் கூறியது வினையின் கணக்கு. அரசன் நெஞ்சில் நிகழ்ந்தது ஒழுக்கத்தின் விழிப்பு. ஹாக் பிரித்துக் காட்டிய இரண்டும் நம் காப்பியத்தில் அருகருகே நிற்றலை நாம் காண்கின்றோம்.

இவ்விடத்து ஒன்று கூறாது விடுதல் நடுநிலையாகாது. வினையின் பிடியை இறைவனருள் அறுக்குமென்று சைவரும் வைணவரும் பாடிய நாடு இது. ஆகவே ஹாக் எழுப்பிய வினா கடுமையான கருமக் கணக்கைத் தாக்குமேயன்றி, அருளை வேண்டி உருகிய அடியார் நெஞ்சைத் தாக்காது. மேலும், துன்பம் ஏன் என்னும் வினாவிற்கு அவர் தந்தது முற்றுப்பெற்ற விடையன்று. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று வினவிய சீடர்க்கு இயேசு கணக்கு ஒன்றும் காட்டாமல் கண்ணைத் திறந்தார் என்று யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. தீமையைத் தெய்வ சித்தமென்று சொல்லி வாளாவிருத்தல் விசுவாசமாகாது. கடவுள் தீமைக்கு எதிர்நிற்பவரென்று நம்பி அதனோடு போராடுதலே விசுவாசம் என்று ஹாக்கும் கருதினார். 1922-ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது உலக மீட்பு பற்றிய நூலின் உட்கருத்தும் இதுவே.

ஆசிரியரின் பெருமை மாணவரால் விளங்கும். ஹாக்கின் வகுப்பிற் பயின்றோருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்று கிறிஸ்தவ அறிஞர் பலர் குறைகூறக் கேட்டு மனம் புண்பட்ட அவ்விளைஞர், அக்குறையை மறுக்கும் பொருட்டே வேதாந்த ஒழுக்கவியல் பற்றி எம்.ஏ. பட்டத்திற்குரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். அஃது 1908-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தபோது அவர்க்கு வயது இருபது. தம் சமயத்தாரை எதிர்த்து எழுந்த அக்கட்டுரையை ஹாக் மனமாரப் பாராட்டினார். பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தலைவராய் விளங்கிய அப்பேரறிஞரின் முதல் நூல், ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் நிழலில் அவர் கருத்திற்கு மாறாக முளைத்ததென்பது நம் கல்லூரிக்கு இழுக்கன்று, அணியே.

ஹாக் 1928 முதல் 1938 வரை கல்லூரியின் முதல்வராய் இருந்தார். கல்லூரி நகரத்து நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்திற்கு வந்தது அவர் காலத்திலேயே. 1837-ஆம் ஆண்டில் தோன்றிய கலாசாலை தன் நூறாம் ஆண்டாகிய 1937-இல் சேலையூர்க் காட்டிடையே புதுமனை புகுந்தது. இன்று ஊரப்பாக்கத்தினின்றும் வண்டலூர் பெருங்களத்தூர் வழியாக மின்சார இரயிலில் நெருங்கி நின்று வரும் நம்மனோர்க்கு, அக்காலத்தில் இப்பகுதி ஏரியும் வயலும் குறுங்காடுமாய்க் கிடந்த நிலம் என்பது வியப்பளிக்கும்.

அப்புதுமனையில்தான் ஹாக்கின் சிந்தனை உலகினர் முன்னிலையிற் சோதிக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சர்வதேச மிஷனெரி சங்கத்தின் மகாநாடு தாம்பரத்திற் கூடிற்று. சீன தேசத்து ஹாங்சௌ நகரில் நடத்தக் கருதியிருந்த அம்மகாநாடு, ஆங்கு மூண்ட போரினால் நம் கல்லூரியை வந்தடைந்தது. பல நாட்டினின்றும் நானூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தனர். இம்மகாநாட்டிற்கென ஹாலந்து தேசத்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் பெருநூல் ஒன்றை எழுதியிருந்தார். கடவுள் தம்மை வெளிப்படுத்தியது கிறிஸ்துவிலேயே. ஏனைய சமயங்கள் மனிதனின் முயற்சிகளே. இரண்டிற்கும் இடையே தொடர்ச்சியில்லை என்பது அவர் கொள்கை. நாட்டையும் இனத்தையும் தெய்வமாக்கும் வெறி ஐரோப்பாவிற் பரவிய நாளில், அவ்வுறுதி பலர்க்கு அரணாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஹாக் இதனை அமைதியாக மறுத்தார். அவரது மறுப்பு 1939-இல் வெளிவந்த தாம்பர வரிசை நூல்களின் முதல் தொகுதியில் இடம்பெற்றது. தம் இளமையிற் கண்ட வேறுபாட்டையே அவர் இங்கும் எடுத்துக்கொண்டார். பிற சமயங்களின் கொள்கைகளைக் கிறிஸ்தவன் ஏற்க மறுக்கலாம். ஆனால் அச்சமயத்தவன் ஒருவன் கடவுளிடம் உண்மையாய்த் தன்னை ஒப்புவித்து வாழ்கின்றானாயின், அவ்விசுவாசம் வெறும் மனித முயற்சியென்று கூற நமக்கு உரிமையுண்டோ? தேடுகின்றவனைக் கடவுள் சந்திக்கவில்லையென்று யார் துணிந்து கூறுவர்? முப்பத்தைந்து யாண்டுகள் இந்து நண்பரோடும் மாணவரோடும் பழகிய அவர், அவர்களுட் சிலர் கடவுளுறவில் வாழ்தலைக் கண்ணாரக் கண்டவர். கண்டதை மறுத்தற்கு அவர் நேர்மை இடங்கொடுக்கவில்லை. அதே வேளையில் எல்லாச் சமயமும் ஒன்றே என்றும் அவர் கூறினாரில்லை. கிறிஸ்துவில் கடவுள் அளிப்பது ஒப்பற்றதென்றே இறுதிவரை நம்பினார். அதனை மரியாதையோடும் பணிவோடும் பிறர்முன் வைத்தலே தூதர்க்கு அழகென்றார். மகாநாடு இவ்வழக்கை முடிவு செய்யாமலே கலைந்தது. அவ்வழக்கு இன்றும் திருச்சபையில் ஓயவில்லை.

ஸ்காத்லாந்திற்குத் திரும்பிய பின்னும் அவர் எண்ணம் இந்நாட்டைச் சுற்றியே இருந்தது. இந்துக்களுக்குக் கிறிஸ்தவச் செய்தியை எடுத்துரைக்கும் முறை பற்றிய அவரது நூல் 1947-இல் வெளிவந்தது. 1954-ஆம் ஆண்டில், எழுபத்தொன்பதாம் வயதில், அப்பெரியார் இறைவனடி சேர்ந்தார்.

அவர் வாழ்க்கையை முழுமையாய் நோக்குங்கால், மூன்று வினாக்களுக்கும் அவர் தந்த விடைகள் ஒரே ஊற்றினின்றும் பெருகுதலை நாம் உணர்கின்றோம். தாமே விசுவாசத்தை இழந்து வருந்தியவராதலின், ஐயுறும் மாணவனை அவர் இகழ்ந்திலர். விசுவாசம் எளிதிற் கிட்டாத செல்வமென்பதை அறிந்தவராதலின், பிறன் நெஞ்சில் அதனைக் கண்டபோது அதன் நிறத்தைப் பார்த்துத் தள்ளிலர். துன்பத்திற்கு எளிய விளக்கங்கள் பயன்படாமையைத் தம்மளவிற் கண்டவராதலின், துன்புறுவோன்மேற் பழி சுமத்தும் கணக்கை ஏற்றிலர்.

இன்று நம் விடுதிகளில் ஒரே அறையிற் பல சமயத்து இளைஞர் உடனுறைகின்றனர். ஒருவன் முழந்தாட்படியிடுகின்றான், ஒருவன் திருநீறணிகின்றான், ஒருவன் தொழுகைக்குப் பாய் விரிக்கின்றான், ஒருவன் யாதொன்றையும் நம்பாது சாளரத்தருகே சிந்தித்திருக்கின்றான். இந்நால்வரும் நள்ளிரவில் ஒருவரோடொருவர் கடவுளைப் பற்றி வாதிடுவராயின், அவ்வாதத்தில் வெல்லுதலினும் ஒருவர் உள்ளத்தை ஒருவர் மெய்யாகக் கேட்டல் அரிது; அரிதாயினும் அதுவே வேண்டத்தக்கது. தம் ஐயத்தை மறைக்காமலும், பிறர் அன்பை மறுக்காமலும், தம் ஆண்டவரை விடாமலும் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர் அதற்கு நமக்கு வழி காட்டிச் சென்றனர். அவ்வழியிற் செல்லுதல் நம் கடனாகும்.