இடையன்குடியில் நிலைத்த கால்டுவெல் ஐயர்

கற்பிப்போர் மேலான ஊதியம் நாடிக் கல்லூரியை விட்டகலுங்கால் மாணவர் மனம் நோதல் இயல்பு. அன்னாரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. குடும்பப் பொறுப்பு யாவர்க்கும் உண்டு. ஆயினும் ஓரிடத்தில் நிலைத்தலின் பயனை அறிய விழைவோர், திருச்செந்தூருக்குத் தென்மேற்கே தேரிமணல் சூழ்ந்த இடையன்குடிக்குச் செல்வாராக.

1814இல் அயர்லாந்தில் பிறந்த இராபர்ட் கால்டுவெல் ஐயர் 1838இல் சென்னையை அடைந்தார். 1841இல் தாம் சார்ந்திருந்த இலண்டன் மிஷன் சங்கத்தை விட்டு ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்தார். அது கொள்கை பற்றிய மாற்றமேயன்றி ஊதியம் பற்றியதன்று. அவ்வாண்டே நெடுவழி நடந்து வந்து இடையன்குடியிற் குடியேறினார். பின்னர் அவர்தம் துணைவியார் எலைசா அம்மையார் ஆண்டுப் பெண்மக்களுக்குக் கல்வி பயிற்றினார். 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இலேயே நிறைவெய்தியது. இடையே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இலண்டனில் வெளிவந்து பெரும்புகழ் நல்கியது. அப்புகழைக்கொண்டு அவர் தாயகத்திலேயே தங்கியிருக்கலாம். அவரோ மணற்காட்டிற்கே மீண்டார். 1877இல் அத்தியட்சரான பின்னும் நெல்லை நாட்டிலேயே ஊழியஞ் செய்தார். 1891இல் ஓய்வுபெற்றுக் கோடைக்கானலில் உயிர்நீத்தார். உடலோ இடையன்குடி ஆலயத்தில் அடக்கமாயிற்று.

ஓர் ஆலயத்திற்காக 33 ஆண்டு பொறுத்தவரை அவ்வூர் மறவாததில் வியப்பில்லை. செல்வோரை வாழ்த்தி விடுப்போம். நிற்போரை அவர் வாழுங்காலத்திலேயே போற்றுவோம். பட்டம் பெற்றபின் யாம் எங்கு நிற்போம் என்பதையும் இன்றே எண்ணுவோமாக.