பனி கொட்டும் ஊரில் வாழைக்குலை! யார் இந்த ஜோசப் பாக்ஸ்டன்?

கடையில் ஜி9 என்று கிலோ கணக்கில் வாங்குகிறோமே, அது கேவண்டிஷ் வகை வாழை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் இங்கிலாந்துக்காரரான ஜோசப் பாக்ஸ்டன்.

1803-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 22 வயசிலேயே சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர். முதலாளி, டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ்.

மொரிஷியஸ் வாழை ஒன்று பாக்ஸ்டன் கைக்கு வந்தது. வெளியில் நட்டால் குளிரில் செத்துவிடும். அதனால் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்து, இரவு பகலாகச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டார். 1835 நவம்பரில் பூ தள்ளியது. அடுத்த மே மாதம் 100 காய்களுக்கு மேல்! பெயர் மட்டும் முதலாளிக்குப் போனது.

பிறகு, 8 கொதிகலன்கள் வைத்து பிரமாண்ட கண்ணாடி மாளிகையே கட்டினார். லண்டனில் 1851 கண்காட்சிக்கான கிரிஸ்டல் பேலஸும் இவர் வடிவமைத்ததுதான். 1865-ல் காலமானார்.

முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்கவில்லை. சாட்ஸ்வொர்த் கண்ணாடி மாளிகையின் செடிகள் குளிரில் மடிந்தன. 1920-ல் அதை இடித்தே விட்டார்கள். நல்லவேளை, வாழைக்கன்றுகள் எப்போதோ கப்பலேறி சமோவா தீவு வரை போய்ச் சேர்ந்திருந்தன.