குளத்து நீரில் நோய் கண்ட கோக்

வடசென்னையில் வியாசர்பாடியை அடுத்து எம்.கே.பி. நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. மகாகவி பாரதி நகர் என்னும் அழகிய பெயரே இவ்வாறு மூன்றெழுத்தாகச் சுருங்கிவிட்டது. அதன் அண்மையில், கொடுங்கையூரில், நகரத்துக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் இருக்கின்றது. எண்ணற்ற வீடுகளின் கழிவுநீர் நிலத்தடிக் குழாய்களின் வழியே அங்கு வந்து சேர்கின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் கடந்து செல்லும் அந்நீர், ஊராரின் உடல்நிலையை உரைக்கும் ஏடாகவும் விளங்குகின்றது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது, அந்நோய்க்குக் காரணமான வைரசின் மரபுப்பொருள் சென்னைக் கழிவுநீரில் இருத்தலை ஆய்வாளர் கண்டனர். இவ்வாறு நீரைச் சோதித்து நோயின் நடமாட்டத்தை அறிவதற்கு வழிகாட்டியவருள் ஒருவர் இராபர்ட் கோக் என்னும் செருமானிய மருத்துவர். அவர் அதனைச் செய்த இடம் நம் நாட்டுக் கல்கத்தா நகரின் ஒரு குளக்கரையாகும்.

கோக் 1843ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள், கிளவுசுதால் என்னும் மலைநகரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலில் அலுவலர், குழந்தைகள் பதின்மூவர். கோக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866இல் பட்டம் பெற்றார். பின்னர் உவோல்சுடைன் என்னும் சிற்றூரில் அரசாங்க மருத்துவராக அமர்ந்தார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய நேரமெல்லாம், மனைவியார் எம்மி பரிசாக அளித்ததாகக் கூறப்படும் நுண்ணோக்கியின் முன்னேயே கழிந்தது. ஆய்வுக்கூடம் என்று தனியாக ஒன்று அவருக்கு இல்லை. நோயாளிகளைப் பார்த்த அறையின் ஒரு பகுதியே ஆய்வுக்கூடம். அவ்வூர்ப் பக்கத்தில் ஆடுமாடுகளை அடைப்பான் நோய் வாரிக்கொண்டு சென்றது. அந்நோய்க்குக் காரணமான கிருமியின் வாழ்க்கை முழுவதையும் கோக் ஆராய்ந்து 1876இல் அறிஞர் முன்னிலையில் மெய்ப்பித்தார். சிற்றூர் மருத்துவரின் புகழ் நாடெங்கும் பரவிற்று. 1880இல் பெர்லின் நகரம் அவரை அழைத்துக்கொண்டது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், காசநோய்க் கிருமியைத் தாம் கண்டமையை அவர் வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே எகிப்தில் காலரா மூண்டது. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய நோய் இதுவே. கோக் தலைமையில் செருமானியக் குழு ஒன்று அலெக்சாந்திரியா நகரை அடைந்தது. பிரெஞ்சு நாட்டுக் குழுவும் அங்கு வந்திருந்தது. 1870இல் மூண்ட போரின் பகைமை இரு நாட்டார் நெஞ்சிலும் ஆறாதிருந்த காலம் அது. ஆயினும், பிரெஞ்சுக் குழுவில் இருந்த துய்லியே என்னும் இளைஞர் காலராவுக்கே இரையானபொழுது, கோக்கும் அவருடைய தோழரும் இறுதிச் சடங்கிற்குச் சென்று மலர் சாத்தி மரியாதை செய்தனர். துய்லியேக்கு அப்பொழுது வயது 27.

எகிப்தில் நோய் தணிந்தமையால் ஆய்வு இடையில் நின்றது. நோய் எங்கு நிலைத்திருக்கின்றதோ அங்குச் செல்வதே முறை எனக் கருதிய கோக், கடல் கடந்து 1883 டிசம்பரில் கல்கத்தாவை அடைந்தார். அங்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தோரின் குடலை ஆராய்ந்து, காற்புள்ளி போல் வளைந்த கிருமியை 1884 சனவரியில் தனியே பிரித்து வளர்த்தார். 1854ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டுப் பச்சினி அதனைக் கண்டிருந்தார். அதனை அன்று பொருட்படுத்தியவர் சிலரே. காலரா நீரின் வழியே பரவுவது என்பதையும் அதே 1854இல் இலண்டன் மருத்துவர் சான் சுனோ எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் நீருக்குள் அக்கிருமியைக் கண்டு காட்டியவர் எவரும் இலர்.

கல்கத்தாவில் ஒரு குளத்தைச் சுற்றி முப்பது நாற்பது குடிசைகள் இருந்தன. இருநூறு முந்நூறு பேர் அங்கு வாழ்ந்தனர். குளிப்பதும், துவைப்பதும், குடிப்பதும் அக்குளத்து நீரிலேயே. அவர்களுள் 17 பேர் காலராவால் மாண்டனர். கோக் அக்குளத்து நீரைக் கொணர்ந்து சோதித்தார். நோயாளிகளின் குடலில் கண்ட அதே கிருமி நீரிலும் இருந்தது. முதலில் இறந்தவரின் துணிகளை அக்குளத்தில் துவைத்தனர் என்பதும் பின்னர் விசாரணையில் தெரியவந்தது. கோக் இத்துடன் நிற்கவில்லை. சில நாள் கழித்து மீண்டும் நீரை எடுத்துப் பார்த்தார். குளக்கரையில் நோய் தணிந்துகொண்டிருந்த அவ்வேளையில் நீரிலும் கிருமிகள் அருகியிருந்தன. நீரிலுள்ள கிருமியின் மிகுதியும் குறைவும் ஊரிலுள்ள நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒட்டிச் சென்றன. கொடுங்கையூர் போன்ற நிலையங்களில் இன்று நீர் எடுப்போர் தேடுவதும் இவ்வுறவையே.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. விலங்குகளுக்கு இந்நோயை உண்டாக்கிக் காட்டக் கோக்கினால் இயலவில்லை. அக்குறையைச் சுட்டிப் பலர் ஐயுற்றனர். அக்கிருமி சுரக்கும் நஞ்சை முயலின் குடலில் மெய்ப்பித்தவர் சம்புநாத் தே என்னும் வங்காள அறிஞர். ஆண்டு 1959; நகரமும் கல்கத்தாவே. முனிச்சு நகரத்துப் பெட்டன்கோபர் என்னும் முதியவரோ, 1892இல் அக்கிருமி நிறைந்த நீரைத் தாமே பருகிப் பிழைத்துக் காட்டினார்! அவர் பிழைத்தது நற்பேறே. துணிவு வேறு, மெய்ப்பித்தல் வேறு.

அவ்வாண்டிலேயே ஆம்பர்க்கு நகரில் காலரா பாய்ந்து எட்டாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்நகரத்தார் எல்பு ஆற்று நீரை வடிகட்டாமல் பருகினர். ஒட்டியிருந்த அல்தோனா நகரத்தார், ஆம்பர்க்கின் கழிவு கலந்த பின் வரும் அதே ஆற்று நீரை மணல் வழியே வடித்துப் பருகிப் பெரும்பாலும் தப்பினர். வடித்த நீரை நாள்தோறும் சோதித்துக் கிருமிகளை எண்ணுதல் வேண்டும் என்று கோக் வற்புறுத்தினார்.

பெரியோர்க்கும் சறுக்கல் உண்டு. 1890இல் காசநோய்க்கு மருந்து கண்டதாகக் கோக் அறிவித்தார். நோயாளிகள் பெர்லினுக்குத் திரண்டனர். மருந்து பயன்தரவில்லை, சிலர் உயிரும் இழந்தனர். முழுதும் ஆராயுமுன் அவர் அறிவித்தது பிழையே. அப்பொருள் பிற்காலத்தில் நோயை அறியும் சோதனைக்கு உதவியது வேறு செய்தி. 1905இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27இல் பாடன்பாடன் நகரில் காலமானார்.

கோக் கண்ட கிருமிகள் நுண்ணோக்கிக்குப் புலப்படுவன. வைரசோ அவரது கண்ணாடிக்கு அகப்படாதது. ஆயினும் நோயுற்றோரின் மலத்தோடு பல வைரசுகளும் வெளியேறுகின்றன. நோய்க்குறி தோன்றாதவரிடமிருந்தும் வெளியேறுகின்றன. ஆகையால் மருத்துவமனைக்கு வாராத நோயையும் சாக்கடை காட்டிவிடுகின்றது. இளம்பிள்ளை வாதத்தின் வைரசைத் தேடி 2001இல் மும்பைக் கழிவுநீரைச் சோதிக்கத் தொடங்கினர். பின்னர் வேறு நகரங்களிலும் தொடங்கினர். இந்தியாவில் இயற்கையான அவ்வைரசினால் கடைசியாகத் தாக்கப்பட்ட குழந்தை 2011 சனவரியில் கண்டறியப்பட்டது. ஊர் ஹவுரா மாவட்டம்; கல்கத்தாவுக்கு எதிர்க்கரை. அதற்குப் பின்னும் கழிவுநீர்ச் சோதனை நிறுத்தப்படவில்லை. 2014 மார்ச்சு 27ஆம் நாள், அந்நோய் நாட்டை விட்டு நீங்கியதாகச் சான்று வழங்கப்பெற்றது.