100 முறை குண்டுவீசப் பறந்தவர், நோயாளிகளுக்கு வீடு கட்டியது ஏன்? விமானி லெனார்ட் செஷயரின் கதை

கோயம்புத்தூர், மும்பை, டேராடூன்னு இந்தியாவின் பல ஊர்களில் 'செஷயர் ஹோம்' என்ற பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீங்க. மாற்றுத்திறனாளிகளும், கவனிக்க ஆளில்லாத நோயாளிகளும் தங்கும் இல்லங்கள் அவை. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மருத்துவரோ பாதிரியாரோ இல்லை. இரண்டாம் உலகப்போரில் 100 முறைக்கு மேல் குண்டுவீசப் பறந்த பிரிட்டிஷ் விமானி.

பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். நாகசாகியில் அணுகுண்டு விழுந்த நாளில் அதை வானத்தில் இருந்து பார்த்தவர். யார் இந்த லெனார்ட் செஷயர்? போர்விமானத்தில் இருந்து நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது எப்படி?

சட்டம் படிக்கப் போனவர் விமானியானது எப்படி?

1917 செப்டம்பர் 7-ம் தேதி இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார் செஷயர். அப்பா ஜெஃப்ரி செஷயர், ஆக்ஸ்ஃபோர்டில் பெயர்பெற்ற சட்ட அறிஞர். மகனும் அங்கேயே மெர்ட்டன் கல்லூரியில் சட்டம்தான் படித்தார். பல்கலைக்கழகத்தின் விமானப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்த பிறகு, ஆர்வம் முழுக்க வானத்துப் பக்கம் திரும்பிவிட்டது. 1939-ல் போர் தொடங்கியபோது விமானப்படைக்குள் வந்துவிட்டார்.

1940 ஜூனில் 102-வது ஸ்குவாட்ரனில் பணி. ஓட்டியது, மெதுவாகப் போகும் விட்லி ரக குண்டுவீச்சு விமானம். அதே ஆண்டு நவம்பரில் ஒரு இரவு, ஜெர்மனியின் கொலோன் நகருக்கு மேலே பறந்தபோது கீழிருந்து சுட்ட குண்டு விமானத்தைத் தாக்கியது. உள்ளே இருந்த ஒளிக்குண்டு வெடித்து, விமானத்தின் பக்கவாட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. தீயை அணைத்து, அந்த விமானத்தையே இங்கிலாந்து வரைக்கும் ஓட்டிக் கொண்டுவந்து தரையிறக்கினார் செஷயர். வயது 23. டிஎஸ்ஓ எனப்படும் உயரிய ராணுவ விருது அவருக்குக் கிடைத்தது. பின்னாளில் அதே விருதை இன்னும் 2 முறை வாங்கினார்.

அவருடைய தம்பி கிறிஸ்டஃபரும் குண்டுவீச்சு விமானிதான். 1941-ல் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பினாலும், போர் முடியும்வரை ஜெர்மனியில் போர்க்கைதியாகவே இருந்தார்.

இரவு கிளம்பினால் திரும்புவோமா?

செஷயரின் கதை புரியணும்னா, அந்த விமானிகளின் வாழ்க்கை எப்படி இருந்ததுன்னு முதலில் தெரியணும்.

லங்காஸ்டர், ஹாலிஃபேக்ஸ் போன்ற கனரக குண்டுவீச்சு விமானங்களில் பெரும்பாலும் 7 பேர் போவார்கள். விமானி, எஞ்சினைக் கவனிப்பவர், வழிகாட்டி, குண்டு போடுபவர், ரேடியோ பார்ப்பவர், துப்பாக்கியோடு 2 பேர். எல்லோருமே தானாக முன்வந்து இந்த வேலையில் சேர்ந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்கு 20-களில்தான் வயது. 30 முறை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு. அதன்பிறகு கொஞ்ச காலம் ஓய்வு. ஆனா அந்த 30-ஐ எட்டாமலே போனவர்கள் ஏராளம்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் இறந்தவர்கள் 55,573 பேர். அதாவது 100-ல் 44 பேர். காலையில் ஒன்றாகச் சாப்பிட்டவர்களில் சிலருடைய நாற்காலி, மறுநாள் காலையில் காலியாக இருக்கும். செஷயர் இதை 4 ஆண்டுகள் பார்த்தார்.

1942-ல் 76-வது ஸ்குவாட்ரனின் தலைமை அவருக்கு வந்தது. ஹாலிஃபேக்ஸ் விமானங்கள் அதிகமாக வீழ்த்தப்படுவதைக் கண்டு, எடையைக் குறைத்தால் வேகம் கூடும் என்று முடிவெடுத்தார். முன்பக்கத் துப்பாக்கிக் கூண்டு உள்ளிட்ட பாகங்களைக் கழற்றச் செய்தார். தன்னோடு பறப்பவர்கள் மட்டுமில்லாமல், தரையில் எஞ்சின் பழுது பார்ப்பவர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்து பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பதவி வேண்டாம், பறக்கணும்!

1943-ல், 25 வயதிலேயே குரூப் கேப்டன் ஆனார் செஷயர். விமானப்படையில் மிக இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அது மேசை வேலை. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் தரையில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் தானே கேட்டு பதவி இறக்கம் வாங்கிக்கொண்டு, 617-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்கப் போனார்.

617-ஐ உலகமே அறியும். 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளை உடைத்த 'டாம்பஸ்டர்ஸ்' பிரிவு அது. அந்த ஒரே இரவில் 19 விமானங்கள் போய், 8 திரும்பவில்லை. 53 பேர் உயிரிழந்தார்கள். அப்படி அடிபட்ட ஒரு பிரிவைத்தான் செஷயர் கையில் எடுத்தார்.

அப்போதைய பெரிய சிக்கல், இரவு இருட்டில் இலக்கைச் சரியாக அடிக்க முடியாதது. குண்டுகள் தொழிற்சாலையை விட்டுவிட்டுப் பக்கத்துக் குடியிருப்புகளில் விழும். செஷயர் சொன்ன வழி இதுதான்: ஒரு விமானம் மிகத் தாழ்வாகப் போய் இலக்கின் மேலேயே ஒளிக்குண்டு போட்டு அடையாளம் காட்டணும், மற்றவர்கள் மேலிருந்து அதைப் பார்த்துக் குண்டு வீசணும். கேட்க எளிது. ஆனா அந்த முதல் விமானம் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் முன்னால் நிற்கும். அந்த முதல் விமானத்தை அவரே ஓட்டினார்.

லிமோஜ் தொழிற்சாலையில் நடந்தது என்ன?

1944 பிப்ரவரி 8-ம் தேதி இரவு. பிரான்ஸின் லிமோஜ் நகரில் இருந்த விமான எஞ்சின் தொழிற்சாலைதான் இலக்கு. பிரான்ஸ் அப்போது ஜெர்மனியின் பிடியில். உள்ளே இரவு ஷிஃப்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள்.

செஷயர் உடனே குண்டு போடவில்லை. கூரையை உரசுவதுபோல 3 முறை தாழ்வாகப் பறந்தார். குண்டு விழப்போகிறது, ஓடிவிடுங்கள் என்பதற்கான எச்சரிக்கை அது. தொழிலாளர்கள் வெளியே ஓட நேரம் கொடுத்துவிட்டு, 4-வது முறை வந்தபோதுதான் அடையாளக் குண்டைப் போட்டார். பின்னால் வந்த விமானங்கள் தொழிற்சாலையைத் தகர்த்தன. எதிரிக்கும் அதே எச்சரிக்கை போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார்.

அடுத்து ஏப்ரலில் மியூனிக். இந்தமுறை சிறிய மஸ்கிட்டோ விமானம். இலக்கை அடையாளம் காட்டிவிட்டுத் திரும்பும்போது 12 நிமிடங்கள் விடாமல் கீழிருந்து சுட்டார்கள். தப்பி வந்தார்.

ஜூன் 6-ம் தேதி நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கிய இரவில், 617-க்கு வேறு மாதிரி வேலை. குண்டே கிடையாது. லங்காஸ்டர் விமானங்கள் கடலின் மேல் வட்டமடித்து, நேரக் கணக்கு பிசகாமல் அலுமினியத் தாள் துண்டுகளைக் கொட்டின. ஜெர்மனியின் ரேடாரில் அது பெரிய கப்பல் கூட்டம் வேறொரு கடற்கரையை நோக்கி வருவதுபோலத் தெரிந்தது.

விருது மேடையில் ஒரு விவாதம்

1944 ஜூலையில், 100 தாக்குதல்களைத் தாண்டிய செஷயரை இனிப் பறக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். செப்டம்பரில் விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. பொதுவாக இந்த விருது ஏதாவது ஒரு குறிப்பிட்ட வீரச் செயலுக்குக் கிடைக்கும். செஷயருக்கு 4 ஆண்டு கால மொத்தப் பணிக்காகக் கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகு அரண்மனையில் விருது வழங்கும் விழா. அதே நாளில் விக்டோரியா கிராஸ் வாங்க இன்னொருவரும் வந்திருந்தார். பெயர் நார்மன் ஜாக்சன், லங்காஸ்டரில் எஞ்சினைக் கவனித்தவர். 1944 ஏப்ரலில் விமானத்தின் இறக்கை தீப்பிடித்தபோது, பறந்துகொண்டிருந்த விமானத்தில் இருந்து வெளியே ஏறி, இறக்கையில் தொங்கியபடி தீயணைப்பானோடு போராடியவர். எரிந்துகொண்டிருந்த பாராசூட்டோடு கீழே விழுந்து பிடிபட்டவர்.

பதவி வரிசைப்படி செஷயருக்குத்தான் முதலில் விருது. ஆனால் செஷயர் மன்னரிடம், தன்னைவிட ஜாக்சன் செய்ததுதான் பெரிது, அவருக்கே முதலில் கொடுங்கள் என்று கேட்டார். வழக்கத்தை மாற்ற முடியாது என்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் சொல்லிவிட்டார். செஷயர் அப்படிக் கேட்டதைப் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னது ஜாக்சன்தான்.

நாகசாகி வானில்...

1945 ஆகஸ்ட் 9. ஜப்பானின் நாகசாகி மீது அமெரிக்கா அணுகுண்டு வீசியபோது, பிரிட்டனின் சார்பில் பார்வையாளராக அனுப்பப்பட்டவர் செஷயர். கூடவே விஞ்ஞானி வில்லியம் பென்னி. அவர்கள் இருந்த விமானம், குண்டு போட்ட விமானத்தோடு சேர முடியாமல் பிரிந்துவிட்டது. அதனால் தொலைவில் இருந்துதான் அந்தப் புகை மேகத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரே குண்டின் விளைவாக, ஆண்டு முடிவதற்குள் சுமார் 70,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

இதைப் பார்த்த குற்ற உணர்ச்சியால்தான் அவர் சேவைக்கு வந்தார் என்று பலர் சொல்வதுண்டு. ஆனா அது சரியில்லை. போரை முடிக்க அந்தக் குண்டு தேவைப்பட்டது என்ற கருத்தை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இத்தனை பேர் செத்து வாங்கிய அமைதியை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்ற கேள்வி அவரை விடவில்லை.

ஒரு நோயாளி மாற்றிய வாழ்க்கை

1946-ல் விமானப்படையை விட்டு வெளியே வந்தார். முன்னாள் வீரர்கள் கூட்டாக வாழும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அது தோற்றுப்போனது, கடன்தான் மிச்சம். கையில் இருந்தது ஹாம்ப்ஷயரில் உள்ள லே கோர்ட் என்ற பெரிய பழைய வீடு மட்டும்.

1948-ல் ஒரு மருத்துவமனையில் இருந்து தகவல் வந்தது. அந்தக் குடியிருப்பில் முன்பு இருந்த ஒருவர், அவரும் பழைய விமானப்படைக்காரர், புற்றுநோயில் இறந்துகொண்டிருந்தார். மருத்துவமனையில் இடமில்லை, போக வீடும் இல்லை. எங்கும் இடம் கிடைக்காததால், செஷயர் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, சமைப்பதுன்னு எல்லாம் அவரே கற்றுக்கொண்டு செய்தார். அந்த மனிதர் இறந்த நேரத்தில் வீட்டுக்கு அடுத்த நோயாளி வந்திருந்தார். பிறகு இன்னொருவர். அப்படி வளர்ந்ததுதான் செஷயர் ஹோம்.

பின்னர் செஷயருக்கே காசநோய் வந்தது. 1952 முதல் 2 ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனைப் படுக்கை. அங்கே படுத்தபடியே கடிதங்கள் எழுதி இல்லங்களை நடத்தினார். நோயாளியாகப் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்பது இப்போது அவருக்கே தெரிந்தது.

இந்தியாவுக்கு வந்தது எப்போது?

குணமான பிறகு அவர் வந்த நாடு இந்தியா. போர்க்காலத்தில் கொஞ்ச நாள் கல்கத்தாவில் பணியாற்றிய அனுபவம் இருந்தது. 1950-களின் நடுவில் பம்பாயின் அந்தேரியில், பிரிட்டனுக்கு வெளியே முதல் செஷயர் இல்லம் தொடங்கியது. அதன்பிறகு பல ஊர்களில் இல்லங்கள் வந்தன, கோயம்புத்தூர் உட்பட.

1959 ஏப்ரல் 5-ம் தேதி பம்பாயிலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது. மணமகள் சூ ரைடர், நாஜி வதைமுகாம்களில் இருந்து தப்பியவர்களுக்காக உழைத்தவர். நடிகை கான்ஸ்டன்ஸ் பின்னியுடனான செஷயரின் முதல் திருமணம் பல ஆண்டுகளுக்கு முன்பே முறிந்திருந்தது. அதே 1959-ல் இருவரும் சேர்ந்து டேராடூனில் 'ரஃபேல்' மையத்தைத் தொடங்கினார்கள். தொழுநோயாளிகளுக்கும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

1990-ல் பெர்லின் சுவர் இருந்த இடத்தில் நடந்த பிரம்மாண்ட இசை நிகழ்ச்சியை, விசில் ஒன்றை ஊதித் தொடங்கிவைத்தார். ஒரு காலத்தில் ஜெர்மனியில் குண்டு போட்ட விமானியை அதே ஜெர்மனியின் மேடையில் உலகம் பார்த்தது. 1992 ஜூலை 31-ம் தேதி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோயால் காலமானார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் உரையில் ராணி எலிசபெத் அவரை நினைவுகூர்ந்தார்.

தோழர்களுக்கு மரியாதை கிடைத்ததா?

செஷயருக்கு விருதுகள் வந்தன. ஆனால் அவரோடு பறந்தவர்கள் நீண்ட காலம் ஓரமாகவே நின்றார்கள். காரணம், ஜெர்மன் நகரங்களில் இறந்த பொதுமக்கள். ஹாம்பர்க்கில் சுமார் 37,000 பேர், டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் தலைவர்களே இதைப் பேசத் தயங்கினார்கள். குண்டுவீச்சுப் படைக்கென்று தனிப் பதக்கம் தரப்படவில்லை.

67 ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 28-ம் தேதி லண்டன் கிரீன் பார்க்கில் நினைவிடத்தை ராணி திறந்துவைத்தார். உள்ளே 7 வீரர்களின் வெண்கலச் சிலைகள், ஒரு விமானத்தின் முழுக் குழு. கூரைக்குப் பயன்பட்ட அலுமினியத்தில், பெல்ஜியத்தில் விழுந்த ஹாலிஃபேக்ஸ் விமானத்தின் உலோகமும் உண்டு. 55,573 வீரர்களுக்கான அந்த இடத்தில், குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரிகளும் இருக்கின்றன. 2013-ல் உயிரோடு இருந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பதக்கத்தில் அணியும் சிறு பட்டை வழங்கப்பட்டது. பலருக்கு அது ரொம்பத் தாமதம்.

செஷயர் இதையெல்லாம் பார்க்க இல்லை. ஆனால் அவர் இறக்கும்போது சுமார் 50 நாடுகளில் அவர் பெயரில் இல்லங்கள் இயங்கின. எல்லாம் தொடங்கியது, சாகும்போது போக இடமில்லாமல் நின்ற ஒரு பழைய விமானப்படைக்காரருக்கு அவர் திறந்துவிட்ட ஒரு கதவில்தான்.