மூன்றாம் தரம் வாங்கிய ஆய்வேடு

நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன்காரர், தம் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு வாங்கியது மூன்றாம் தரம்தான். அவர் சுவாந்தே அர்ஹீனியஸ். ஆறாம் படிவத்தில் வேதியியல் படித்தவர்களுக்குப் பழகிய பெயர். இயந்திரப் பொறியியல் மாணவனான நான், எஃகை அழுத்தி வடிவமைக்கும் பாடத்தில் அந்தப் பெயரை மீண்டும் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

1859 பிப்ரவரி 19ஆம் நாள் உப்சாலா நகருக்கு அருகே பிறந்த அவர், மூன்று வயதிலேயே தானாக வாசிக்கக் கற்றவர். உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது என்ற கொள்கைக்கு அவருடைய 1884ஆம் ஆண்டு ஆய்வேடுதான் வித்திட்டது. உப்சாலா பேராசிரியர்கள் நம்பவில்லை. முதலில் நான்காம் தரம். வாய்மொழித் தேர்வில் வாதாடிய பிறகு மூன்றாம் தரம். அதை வைத்துக்கொண்டு அங்கே விரிவுரையாளர் ஆக முடியாது.

அவர் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். ரீகாவில் இருந்த ஒஸ்ட்வால்டு அதைப் படித்துவிட்டு நேரிலேயே உப்சாலாவுக்கு வந்து, தம்மிடம் வேலை தருவதாகச் சொன்னார். அதன் பிறகே உப்சாலாவும் இடம் கொடுத்தது. வெளியூர்க்காரர் வந்து சொன்னால்தான் வீட்டில் நம்புவார்கள் போலும்!

அடுத்தது சர்க்கரை. நாம் செண்டோலில் ஊற்றும் குலா மலாக்காவில் பெரும்பகுதி சுக்ரோஸ். கரும்புச் சர்க்கரையும் அதுவே. அமிலம் கலந்த நீரில் அது இரண்டாக உடையும் வேகத்தை 1889இல் அவர் ஆராய்ந்தார். சூட்டைச் சிறிது கூட்டினாலும் வேகம் பல மடங்காகிறது. ஒரு தடையைத் தாண்டும் ஆற்றல் உள்ள மூலக்கூறுகளே உடைகின்றன. சூடு ஏறினால் அவற்றின் எண்ணிக்கை மளமளவென்று பெருகுகிறது. இப்படிப்பட்ட சமன்பாட்டை வான்ட் ஹாஃப் முன்பே எழுதியிருந்தார். ஆனால், காரணத்தை விளக்கியவர் அர்ஹீனியஸ்.

பழுக்கக் காய்ச்சிய எஃகும் அப்படியே. அழுத்தும்போது உள்ளே அணுக்கள் தடை தாண்டி இடம் மாறினால்தான் அது வளைந்து கொடுக்கும். 1944இல் செனர், ஹோலோமன் என்ற இருவர், சூட்டையும் உருமாறும் வேகத்தையும் அர்ஹீனியஸ் வழியில் ஒரே எண்ணில் அடக்கினர். வெப்பம் தாங்கும் உலோகக் கலவைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவை. சூட்டில் இளகாமல் இருக்கவே உருவாக்கப்பட்டவை அவை. சூடு குறைந்தால் விரிசல் விடும். கூடினால் உள்ளே இருக்கும் படிகத் துகள்கள் பருத்து வலிமை போகும்.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் கலந்த எஃகை 850 முதல் 1100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்திப் பார்த்தார்கள். அணு உலையின் நீராவிக் கலன்களுக்கான எஃகு அது. எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் எவ்வளவு விசை வேண்டும் என்று கணிக்க அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் அர்ஹீனியஸ் வகைச் சமன்பாடும் ஒன்று.

அர்ஹீனியஸுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாம் தரம் பெற்ற ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த அதே கொள்கைக்காக! 1927 அக்டோபர் 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் காலமானார். அடக்கம் செய்தது உப்சாலாவில்.