மைசூரை ஆண்ட மகாராணி

புதுதில்லி: மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2023-ல் நிறைவேறியது. பெண்ணால் ஆள இயலுமா என்ற வினாவுக்கு அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே செயலால் விடையளித்தவர் மைசூர் மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி.

1894 டிசம்பரில் கணவர் பத்தாம் சாமராஜ உடையார் கல்கத்தாவில் காலமானபோது, மகன் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வயது 10. முப்பது வயதைக்கூட எட்டாத மகாராணி 1895-ல் அரசப் பிரதிநிதியானார். 1897-ல் பழைய அரண்மனை தீக்கிரையானது. ஹென்றி இர்வின் வடிவமைப்பில் புதிய அரண்மனைப் பணி தொடங்கியது. மாரிகணிவெயில் அணை கட்டும் பணியும் தொடங்கியது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அளித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் மகனிடம் ஆட்சியை ஒப்படைத்து ஒதுங்கிய அவர், 1934-ல் மறைந்தார். இளம் விதவையாகப் பொறுப்பேற்ற அவரது சிறப்புப் பெயரால் மாரிகணிவெ அணை இன்றும் வாணி விலாச சாகரம் என்றே வழங்கப்படுகிறது.