தாசில்தாரின் துப்பாக்கி

எங்க நாகலாபுரம் பக்கம் மாடு வாங்கப் போறவங்க கொம்புக்கு அடிச்ச பெயிண்டைப் பார்க்க மாட்டாங்க, வாயைத் திறந்து பல்லைத்தான் பார்ப்பாங்க. துப்பாக்கிக்கும் அப்படி ஒரு பல் உண்டு. அதைப் பார்க்க நேரமில்லாமல் ஓடிய ஒருத்தரின் கதை இது. பெயர் ஜிம் கார்பெட்.

1875 ஜூலை 25-ல் நைனிதாலில் பிறந்தார். அப்பா அங்கே போஸ்ட்மாஸ்டர். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பெரிய குடும்பம், காசுக்குத் தட்டுப்பாடு. சுமார் எட்டு வயதில் கிடைத்த முதல் துப்பாக்கி ஓர் உறவினர் கொடுத்த பழைய இரட்டைக்குழல். வலது குழல் பிளந்து கிடந்தது. குழலையும் கட்டையையும் பித்தளைக் கம்பி சுற்றித்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். இடது குழல் மட்டும் வேலை செய்யும். காடு பழகியது அதை வைத்துத்தான்.

பிறகு மொகாமா காட்டில் ரயில்வே சரக்கு மாற்றும் ஒப்பந்த வேலை, இருபது வருடத்துக்கு மேல். நடுவில் 1907-ல் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போனார். நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்ற புலி. கையில் .500 இரட்டைக்குழல் ரைபிள், தோட்டா மூணே மூணு! மூணும் தீர்ந்தது. காயம்பட்ட புலி இன்னும் நிற்குது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார். சுமார் இருபது அடி தூரத்தில் குறி பார்க்கும்போதுதான் கவனிக்கிறார்: குழலுக்கும் பிரீச்சுக்கும் நடுவில் எட்டில் மூன்று பங்கு அங்குலம், அதாவது ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி.

மெக்கானிக்கல் மக்களுக்கு இது புரியும். தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குப் பின்னால் தாங்க எதுவும் இல்லாவிட்டால் கூடு கிழியும், சூடான வாயு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பும். கீல் ஆணி தேய்ந்தால் இப்படி ஆகும். நல்ல துப்பாக்கியை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இணைப்பில் ஒளிக்கீற்றுகூடத் தெரியக் கூடாது. தாசில்தார் சுட்டபோது வெடிக்கலையே என்ற ஒரே நம்பிக்கையில் கார்பெட் சுட்டார். வாயைக் குறிவைத்த குண்டு புலியின் பாதத்தில் பட்டது! ஏற்கெனவே பட்டிருந்த காயங்களால்தான் அது செத்தது.

பிற்காலத்தில் அவர் வைத்திருந்த இரட்டைக்குழல், ஜெஃப்ரி கம்பெனியின் .450/400. பாக்ஸ்லாக் ரகம், காலித் தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டர்கூடக் கிடையாது. பக்கவாட்டில் தகடு வைத்து அதில் பூவேலை செய்த சைட்லாக் ரகத்துக்கு விலை அதிகம். ஆனால் இரட்டைக்குழல் ரைபிளில் அசல் வேலை பூவேலையில் இல்லை. ரெண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி, சுட்டுச் சுட்டுப் பார்த்து, மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திப் பற்றவைப்பாங்க. அதுவும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டும்தான். தோட்டாவை மாற்றினால் ரெண்டு குண்டும் ரெண்டு திசை. விலை மலிவா இருக்கே என்று வாங்குகிறவர் சோதிக்க வேண்டியதும் இதைத்தான்.

முதல் உலகப்போரில் குமாவுன் ஆட்களோடு பிரான்ஸுக்குப் போனார். 1926-ல் ருத்ரபிரயாகை சிறுத்தையைச் சுட்டார். அப்புறம் மெல்ல மெல்லத் துப்பாக்கியை விட்டுக் கேமரா பக்கம் திரும்பினார். 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். சுதந்திரத்துக்குப் பிறகு கென்யா போய், 1955 ஏப்ரல் 19-ல் நியேரியில் இறந்தார். பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது அதற்கப்புறம்தான். 1973-ல் புலிகளைக் காப்பாற்றும் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.